ஒரு சாண் குழாயும் ஒரு மர டோக்கனும்

செப்டம்பர் 18, வியாழன்

டாக்டர் கிரேஸ் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எவ்வளவு தண்ணீர் குடித்தேன், வலி எப்போது வந்தது, மூத்திரம் என்ன நிறம், இவ்வளவுதான் அவர் கேட்டது. மற்றதெல்லாம் என் வாய் சும்மா இருக்காததால் சேர்ப்பது. இது கடையில் வருஷா வருஷம் தரும் டைரி. இதுவரை இந்த டைரிகளை ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒரு வரி எழுதியதில்லை.

செவ்வாய்க்கிழமை கல்லை எடுத்துவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. மூத்திரம் வருகிற வழியாகவே கருவியை உள்ளே விட்டு, லேசரால் கல்லைப் பொடித்து எடுத்தார்களாம். கல் அடைத்திருந்த பாதை வீங்கிக் கிடப்பதால், சிறுநீரகத்துக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாயை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஸ்டென்ட் என்று பெயர். மூன்று வாரம் கழித்து எடுப்பார்கள். அதுவரை நான் குழாய்க்காரி.

கல் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். திருநெல்வேலித் தண்ணீர், தக்காளி, என் மாமியார் விட்ட சாபம் என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன். வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்றார். போதுமான அளவு என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தண்ணீர்: மூன்று செம்பு. நிறம்: ரோஸ்மில்க்.

செப்டம்பர் 19, வெள்ளி

கல்லடைப்பு வலியைப் பிரசவ வலி என்பார்கள். நான் இரண்டையும் பார்த்தவள், அது சரிதான். ஆனால் இந்தக் குழாயின் வலியைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மூத்திரம் போய் முடியும் நேரத்தில் விலாவுக்குள் ஒரு சுண்டு சுண்டுகிறது. எழுந்து சேலையைச் சரிசெய்வதற்குள் மறுபடி வருகிற மாதிரி இருக்கிறது. போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு. வந்து படுத்தால் மறுபடி.

என் வீட்டுக்காரர் சுடலைமுத்து மினி பஸ் ஓட்டுகிறவர். இன்று லீவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகிற வழியில் கயிறு கட்டினார், நான் பிடித்துக்கொண்டு நடக்க. எதற்கு, நான் என்ன மலையா ஏறுகிறேன் என்று கேலி செய்தேன். மனிதர் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் போய் வந்தேன்.

தண்ணீர்: நான்கு செம்பு.

செப்டம்பர் 21, ஞாயிறு

வந்தவர்களெல்லாம் வைத்தியர்கள். எதிர் வீட்டில் சிறுபீளைக் கஷாயம், மாடி வீட்டில் நெருஞ்சில். கல்லை எடுத்தாயிற்று, இப்போது இருப்பது குழாய் என்றால் யார் கேட்கிறார்கள்? குழாயும் கரைந்துவிடும், குடி என்கிறார்கள்.

மரகதம் வாழைத்தண்டோடு வந்தாள். கடையில் பட்டு செக்ஷனில் எனக்குப் பக்கத்து மேசை அவளுடையது. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எங்கள் மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சி விசாரித்தாராம். தீபாவளி நெருங்குகிறது, முகூர்த்தப்பட்டு மேசை காலியாகக் கிடக்கிறது, செண்பகம் எப்போது வருவாள் என்றாராம்.

அந்த மேசைதான் என் சொத்து. பதினாறு வருஷம் அதில் நின்றிருக்கிறேன். தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எங்கிருந்தோ வருகிறவர்கள் செண்பகம் இருக்காளா என்று கேட்டுத்தான் மாடி ஏறுகிறார்கள். ஒரு சீசன் விட்டவளுக்கு மேசை திரும்பக் கிடைத்ததாக எங்கள் கடையில் சரித்திரம் இல்லை. வரும் வியாழன் வந்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

போகும்போது மரகதம் என் தண்ணீர்ச் செம்பைப் பார்த்து, "இத்தனையும் குடிச்சிட்டு அங்க வந்து என்னட்டி செய்வ?" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் டிபன் டப்பாவின் மூடிக்குள் ஏதோ மாத்திரை அட்டை இருந்தது. கேட்டேன். தலைவலிக்கு என்றாள்.

செப்டம்பர் 25, வியாழன்

வேலைக்குப் போனேன். பூ வைத்துக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, புதுப் பெண் மாதிரித்தான் போனேன்.

டாக்டருக்குக் கடையைப் பற்றித் தெரியாது என்பதால் எழுதுகிறேன். எங்கள் மாடியில் பெண்கள் பதினைந்து பேர். வேலைக்காரர்களுக்கான கழிவறை மொட்டை மாடியில். லிப்ட் வாடிக்கையாளருக்கு, எங்களுக்குப் படி. போவதென்றால் அண்ணாச்சியின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வட்டமாக, சப்பாத்திப் பலகைக்குத் தம்பி மாதிரி ஒரு மரத்துண்டு. மாடிக்கு ஒன்றுதான். ஒருத்தி கொண்டுபோனால் அவள் வரும்வரை மற்றவள் காத்திருக்க வேண்டும்.

பதினாறு தீபாவளியில் சீசன் நாளில் நான் அந்த டோக்கனைத் தொட்டதில்லை. இது நானாகச் சொல்வதல்ல. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அண்ணாச்சியே எல்லார் முன்பும் சொல்லுவார். காலையில் ஒரு காபி, அப்புறம் வாயில் ஒரு ஏலக்காய், இரவு வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். பழகினால் தாகமே எடுக்காது. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

இன்று மதியத்துக்குள் மூன்று தடவை எடுத்தேன். நான்காவது தடவை எடுக்கும்போது அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செண்பகம், நீயா இப்படி? உன்னைக் காட்டித்தானே மத்த பிள்ளைகளை அதட்டுதேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் சுட்டது.

தண்ணீர்: கடையில் ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு செம்பு. படி ஏறி இறங்கியதில் நிறம் மறுபடி சிவப்பு.

செப்டம்பர் 26, வெள்ளி

நின்றேன். விற்றேன். எழுத முடியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கூட்டம். டோக்கனுக்காக நிற்பதிலேயே உயிர் போயிற்று. ஒருத்தி கொண்டுபோனாள், அப்புறம் இன்னொருத்தி, அதற்குள் நான் காலைப் பின்னிக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு ஒன்பது சேலை விரித்தேன். சேலையை உதறும்போதெல்லாம் குழாய் உள்ளே இடிக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தேன். வாங்க வந்தவர்கள் முன்னால் முகத்தைச் சுளித்தால் சேலை விற்காது.

மரகதம் படியில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். பேக்கிங் செக்ஷன் கேட்டு வாங்கிக்கொள், கீழே உட்கார்ந்த வேலை, குழாயை எடுத்தபின் திரும்பி வரலாம் என்றாள். திரும்பி வரவா? நிலவறை பேக்கிங்குக்குப் போனவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அவளிடம் கோபித்துக்கொண்டேன். அவள் என்னைவிட மெதுவாகத்தான் படி இறங்கினாள் என்பதை வீட்டுக்கு வந்தபின் நினைத்துப் பார்க்கிறேன்.

வீட்டுக்காரர் இரண்டு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். உங்களுக்கென்ன, பஸ்ஸை ஓரங்கட்டினால் வழியெல்லாம் மரம் என்றேன். சிரிக்கவில்லை. "நீ ஒருநா கூட எங்கிட்ட சொல்லலியேட்டி" என்றார். என்ன சொல்ல வேண்டும், எல்லாப் பெண்களும் இருக்கிறபடிதானே நானும் இருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். டைரியைக் கேட்டார். கொடுக்காமல் தப்பிக்க முடியவில்லை. பக்கம் பக்கமாக வாசித்தார். ஏலக்காய் வந்த இடத்தில் நின்றார்.

மூன்று லிட்டர் குடிக்க வேண்டியவள் நாள் முழுக்க ஏலக்காயைச் சப்பினால் மூத்திரம் கெட்டியாகி, உப்பு படிந்து, கல்லாகும் என்று படம் வரைந்து காட்டினார். கெட்டியான மூத்திரம் குழாயின் மேல் பட்டால் இன்னும் எரியும், அதனால்தான் இவ்வளவு வலி என்றார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார். அது குழாயின் பிடியைக் கொஞ்சம் தளர்த்துமாம். படி ஏறாதீர்கள், கனம் தூக்காதீர்கள், கழிவறை பக்கத்தில் இருக்கட்டும் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

கிளம்பும்போது சொன்னார்: "கல்லை நான் எடுத்துட்டேம்மா. நீங்க போயி மறுபடி வளக்கப் போறீங்க."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாக்கெட் விற்கிறவன் வந்தான். வாங்கினேன். பஸ்ஸில் ஏற வேண்டுமே என்று பாதியைக் கொட்டினேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

கத்தரிக்கோல், மீட்டர் கம்பி, பில் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஆணியில் தொங்கும் டோக்கனுக்கும் வைத்தார் அண்ணாச்சி. அதுவும் ஆயுதம்தான் போல.

இந்த வருஷம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொரி கடலை கொடுத்து முடித்ததும் தனியாக அழைத்தார். வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரம் கோமதி அம்மாள் வீட்டார் கடைசிப் பெண்ணுக்கு முகூர்த்தப்பட்டு எடுக்க வருகிறார்களாம். மூத்த பெண்கள் மூன்று பேருக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இதற்கும் என்னையே கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நிற்க முடிந்தால் மேசை எனக்கு. டோக்கன் டோக்கன் என்று ஓடினால் சனிக்கிழமை முதல் நிலவறை. மேசை மரகதத்துக்கு.

முதலாளி வைத்த சட்டமல்ல இது, தானே வைப்பது, சீசனில் தனக்கும் வேறு வழியில்லை என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவர். ஆனால் அந்த டோக்கனை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. ஆண்களுக்கு டோக்கன் கிடையாது.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு நாள்தான். இன்று சாயங்காலத்திலிருந்து தண்ணீர் கிடையாது. பதினாறு வருஷம் செய்ததை இன்னும் ஒரு நாள் செய்ய முடியாதா?

எவர்சில்வர் பாட்டில் சமையல் மேடையில் நிற்கிறது. அதன் முதுகை என் பக்கம் திருப்பி வைத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைக்கு ஒன்றுவிடாமல் எழுதியே தீர வேண்டும்.

கோமதி அம்மாள், மணப்பெண் மதுமிதா, சித்தி பெரியம்மா என்று ஒரு வேன் ஆள் வந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் இளைத்துவிட்டாயே என்றார். சிரித்துச் சமாளித்தேன். வெள்ளை விரிப்பில் அவர்கள் உட்கார, நான் நின்றபடி ஒவ்வொன்றாக விரித்தேன். அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது மரகதம். நான் கனம் தூக்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே அவளாக வந்து நின்றுகொண்டாள்.

நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் குடிக்காவிட்டால் போக வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன். குழாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. முதல் சேலையிலேயே முட்டிக்கொண்டு வந்தது, எரிச்சலோ நெருப்பு. அலமாரியில் சாய்ந்துகொண்டேன். கரும்பச்சை, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு. மதுமிதா உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள். நான் வாயால் விற்றுக்கொண்டே இருந்தேன். பெரியம்மாக்காரி ஒரு தடவை டீ கொண்டுவரச் சொன்னாள். அந்த டீயைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசியில் அரக்கில் மயில்கழுத்துக் கரை போட்ட ஒன்றை என் தோளில் போட்டு, கொசுவம் வைத்துக் காட்டினேன். பெண்ணின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து கரையில் கை வைத்து "இது" என்றாள்.

இங்கே எங்கள் கடை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மணப்பெண் கை வைத்த பட்டு அப்புறம் கீழே இறங்கக் கூடாது. மேசையிலோ விரிப்பிலோ வைக்கக் கூடாது. கையிலிருந்து கைக்குத்தான் மாற வேண்டும். கீழே சாமி அறையிலிருந்து தாம்பாளம் வந்து, அதில் ஏற்றி, பெண்ணின் தாயாரிடம் கொடுக்கும்வரை இப்படித்தான். முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். இதில் அண்ணாச்சி நெருப்பு. ஒரு தடவை முந்தானை நுனி தரையில் பட்டதற்கு ஒரு பெண்ணை அழ வைத்துவிட்டார்.

தாம்பாளம் கேட்டு ஆள் போயிற்று. வெள்ளிக்கிழமை பூஜை நடக்கிறது, கொஞ்சம் ஆகும் என்று பதில் வந்தது. அண்ணாச்சி கைகூப்பிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து, உள்ளே யாரோ குழாயின் நுனியைப் பிடித்துச் சுண்டினார்கள்.

ஆணியைப் பார்த்தேன். டோக்கன் இல்லை. இருந்தாலும் மொட்டை மாடிவரை என்னால் போயிருக்க முடியாது. ஒரு சொட்டு இறங்கிவிட்டது. என் தோளில் ஒரு பெண்ணின் முகூர்த்தப்பட்டு. அதில் ஏதாவது பட்டால் அவளுக்கும் ஆகாது, எனக்கும் மன்னிப்பு கிடையாது. எதிரே கண்ணாடிக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் கழிவறையின் கதவு. பதினாறு வருஷமாக எத்தனையோ பேருக்குக் கை காட்டியிருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பட்டை மடித்தேன். அண்ணாச்சியின் கூப்பிய கைகளைப் பிரித்து அவற்றின் மேல் வைத்தேன்.

"அண்ணாச்சி, பட்டு கீழ இறங்கக் கூடாது. பிடிங்க" என்றேன்.

நடந்தேன். ஓடவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

அங்கே உட்கார்ந்து அழுதேன். பாதி வலி, பாதி சுகம். உள்ளே மல்லிகை வாசம், வெள்ளைப் பீங்கான், கையலம்ப வெந்நீர் வேறு. நிறம் நல்ல சிவப்பு. முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

வெளியே வந்தால் எல்லாரும் நான் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறார்கள். அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டி, பட்டோடு சிலை மாதிரி நிற்கிறார். உடம்புக்கு என்ன என்று கோமதி அம்மாள் கேட்டார். மழுப்ப வாய் வரவில்லை. எல்லார் முன்பும் சொன்னேன்.

"கல்லு எடுத்து உள்ள குழா வச்சிருக்காங்கம்மா. எங்களுக்குப் போறதுக்கு மொட்டை மாடிக்கு ஏறணும், டோக்கனும் வேணும். அதனால தண்ணி குடிக்க மாட்டோம். அதான் கல்லு."

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம் மூத்த பிள்ளைய மூணு பேருக்கும் நாள் பூரா நின்னு எடுத்துக் குடுத்தியே. அப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"ஆமாம்மா."

தனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். "குடி. பட்டு எங்கயும் ஓடிறாது" என்றார்.

குடித்தேன். ஒரே மூச்சில் குடித்தேன். பதினாறு வருஷத்தில் அந்த மாடியில் நான் குடித்த முதல் டம்ளர் அது. அவ்வளவு இனிப்பான தண்ணீரை நான் குடித்ததில்லை. மரகதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. டப்பாவுக்குள் இருந்த மாத்திரை தலைவலிக்கு அல்ல, அவளுக்கும் இதே தொல்லைதான் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

"நீயும் போயிட்டு வாட்டி" என்றேன்.

அவள் சேலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அண்ணாச்சிக்கு அப்போதுதான் குரல் வந்தது. "மரகதம், டோக்கன் இல்லாம..." என்றார்.

"ஆணியில இருந்தா எடுத்துக் குடுங்க அண்ணாச்சி" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

எப்படி எடுப்பார்? இரண்டு கையிலும் பட்டு. வைக்க இடமில்லை, வைக்கவும் கூடாது. மரகதம் வந்ததும் காட்டன் செக்ஷனிலிருந்து ஒருத்தி போனாள். பிறகு சுடிதார் செக்ஷன். பிறகு பில் போடுகிற பெண். ஒவ்வொருத்தியும் அண்ணாச்சியின் முன்னால் வந்து, பட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். மதுமிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சியின் நெற்றியில் வேர்வை. துடைக்கவும் கை இல்லை. நான்தான் என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

தாம்பாளம் வந்து சேர்வதற்குள் மாடியில் இருந்த அத்தனை பெண்களும் போய் வந்துவிட்டார்கள். செண்பகம் கையால்தான் வாங்குவேன் என்றார் கோமதி அம்மாள். அண்ணாச்சியிடமிருந்து பட்டை வாங்கி, தட்டில் ஏற்றி, பூவும் குங்குமமும் வைத்துக் கொடுத்தேன். அவருக்குக் கை மரத்துப்போய் மடங்கவில்லை.

கீழே பணம் கட்டும் இடத்தில் அந்த அம்மாள் முதலாளியிடமே சொல்லிவிட்டுப் போனாராம். பேத்திக்குப் பட்டெடுக்கவும் இங்கேதான் வருவேன், ஆனால் அந்த டோக்கன் தொங்கினால் வேறு கடை பார்த்துக்கொள்வேன் என்று.

தண்ணீர்: கடையில் மூன்று டம்ளர். வீட்டில் எவர்சில்வர் பாட்டில் காலி. வலி: இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 4, சனி

நிலவறைக்குத்தான் போகப் போகிறேன் என்று பழைய சேலை கட்டிக்கொண்டு போனேன். முதலாளி கூப்பிட்டனுப்பினார். மரகதமும் கூட வந்தாள். கூப்பிடாமலே பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள்.

முதலாளிக்கு அறுபதுக்கு மேல். மூட்டு வலிக்காரர். மேலே என்னதான் இருக்கிறது, பார்க்கிறேன் என்று எழுந்தார். லிப்ட் பக்கம் திரும்பியவரை, எங்களுக்குப் படிதான் என்று சொல்லித் திருப்பினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "இதுல எப்படிம்மா குழாயோட ஏறினே?" என்றார்.

"சிரிச்சிக்கிட்டே ஏறினேன் முதலாளி. கீழ கஸ்டமர் நிப்பாங்கல்லா."

அதற்குமேல் அவர் ஏறவில்லை. சீசன் முடியட்டும், பார்ப்போம் என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். எங்களுக்குச் சீசனுக்குத்தான் வேண்டும் என்றேன். பின்னால் நின்றவர்கள் ஒருத்திகூட நகரவில்லை. முதலாளி படியில் உட்கார்ந்தபடியே சொன்னார். இன்றிலிருந்து அந்தந்த மாடியிலேயே போய்க்கொள்ளலாம். டோக்கன் வேண்டாம். மேசைக்கு ஒரு ஸ்டூல். என்னை எங்கும் மாற்ற வேண்டாம்.

ஜெயித்துவிட்டேன். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. ஜெயித்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

குழாயை எடுத்தாயிற்று. மரக்கச் செய்கிற ஜெல் போட்டு, மெல்லிய கருவியை உள்ளே விட்டு, நுனியைப் பிடித்து இழுத்தார் டாக்டர். உள்ளிருந்து ஒரு பாம்பை உருவுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

தட்டில் போட்டுக் காட்டினார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இரண்டு முனையும் பன்றியின் வால் மாதிரிச் சுருண்டிருந்தது. இந்த வாலா என்னை இந்தப் பாடு படுத்தியது? வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார். என் எதிரிக்குக்கூட வேண்டாம் என்றேன்.

பிறகு டைரியை வாங்கி மூன்றாம் தேதிப் பக்கத்தை வாசித்தார். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மரகதத்தைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். நாளைக்கே கூட்டிப்போகிறேன்.

அக்டோபர் 8, புதன்

போனேன். மூத்திரம் முடியும் நேரத்தில் வலிக்கவில்லை. அதற்காகவே இன்னொரு தடவை போனேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மரகதத்துக்குக் கல் இல்லை, கிருமிதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம்.

வீட்டுக்காரர் கொல்லைப்புறக் கயிற்றை அவிழ்க்கப் போனார். இருக்கட்டும், துணி காயப்போடலாம் என்றேன். உண்மையில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கடையில் மூச்சுவிட இடமில்லை. என் மேசையில் மட்டும் கணக்கில்லாத பட்டு போயிற்று. நடுநடுவே ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு சொன்னாலும் சேலை விற்கத்தான் செய்கிறது.

மேசையோரம் ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தேன். பட்டை உதற உதற இழைத் தூசி அதில் விழுந்தது. இரண்டு தடவை கொட்டிவிட்டு மாற்றினேன். அண்ணாச்சி தன் மேசையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேலை தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. இழுப்பறையைத் திறந்தார். எதையோ எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் செம்பின் மேல் வைத்தார்.

டோக்கன். ஆயுத பூஜைச் சந்தனம்கூட இன்னும் உதிரவில்லை. செம்பின் வாய்க்கு அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்தி உட்கார்ந்தது.

"மூடி வச்சிக் குடி, செண்பகம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, டாக்டரின் பெயர் என்ன என்று கேட்டார். ஒரு கை இடுப்பின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

தண்ணீர்: கடையிலேயே இரண்டு செம்பு. வலி: இல்லை. நிறம்: டாக்டருக்குப் பிடித்த நிறம்.

பதினாறு தீபாவளியில் சீசன் நாளில் நான் தொடாத டோக்கன். இன்று எத்தனை தடவை தொட்டேன் என்று தெரியாது. தாகம் எடுத்தபோதெல்லாம் தொட்டேன்.